ஒரே லாரியில் மூன்று கம்பெனிச் சரக்கு: மிச்சமாகும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரே வட்டாரத்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஒரு லாரி ஓட்டினால் பணம் மிச்சமாகும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இப்படிச் சேர்பவர்கள் சில மாதங்களில் பிரிந்துவிடுகிறார்கள். காரணம், லாரி பில்லை எப்படிப் பிரிப்பது என்று முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போடாததுதான். “பாலெட் கணக்கில் போட்டுக்கொள்வோம்” என்று, அதாவது சரக்கு அடுக்கும் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று, தொலைபேசியில் பேசி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதைக் கீழே எண்களோடு காட்டியிருக்கிறோம்.

மளிகை, மசாலா, பாத்திரம், பூசைப் பொருள் என்று மொத்த வியாபாரம் செய்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கணக்கு எந்தச் சரக்குக்கும் பொருந்தும்.

முதல் வேலை: தனிச்செலவை எழுதுங்கள்

கூட்டில் சேராமல் தனியாக அனுப்பினால் ஒரு நாளைக்கு என்ன ஆகும்? இதுதான் தனிச்செலவு. மிச்சம் என்பதே எல்லாருடைய தனிச்செலவையும் கூட்டி, அதிலிருந்து கூட்டு லாரிச் செலவைக் கழித்தால் வருவது. தனிச்செலவு தப்பானால் பிறகு எந்தச் சூத்திரம் போட்டும் பயனில்லை.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கில் விட்டுப்போகும் தலைப்புகள் வழக்கமாக ஒரே மாதிரிதான். டீசலும் ஓட்டுநர் சம்பளமும் எல்லாரும் எழுதுவார்கள். ஓட்டுநருக்கு முதலாளி கட்டும் மத்திய சேமநிதிப் பங்கு, வெளிநாட்டு ஊழியர் என்றால் தீர்வை, லாரியைப் பத்து ஆண்டுக்கு வைத்திருக்க எடுத்த வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇயின் மாதப் பங்கு, காப்புறுதி, சாலை வரி, இரவில் லாரி நிறுத்தும் இடத்தின் வாடகை, டெயில்கேட் பழுது, மாதத்துக்கு ஒன்றிரண்டு சம்மன்: இவை நோட்டில் ஏறுவதே இல்லை. தம்பியோ மச்சானோ லாரி ஓட்டும் குடும்பக் கம்பெனிகளில் ஓட்டுநர் கூலியையே பூஜ்யம் என்று போடுவார்கள்.

மின்னியல் சாலைக் கட்டணமான ஈஆர்பியைத் தனி வரியாக எழுதுங்கள். எடை குறைந்த சரக்கு வண்டிக்குக் காருக்குள்ள கட்டணம்தான்; கனரக லாரிக்கு அதில் ஒன்றரை மடங்கு. சிறிய லாரிகளை விட்டுவிட்டு 24 அடி லாரிக்கு மாறும்போது இந்தச் செலவு கூடும். அதோடு அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டணம் மாறுவதால், ஒருவரின் கடை காலை எட்டரைக்கே சரக்கு கேட்டால் அவருக்காகவே எல்லாரும் அதிகம் கட்ட வேண்டி வரலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கூட்டில் சேர்ந்த பிறகு உங்கள் சொந்த லாரி என்ன ஆகும்? விற்றாலோ வேறு வேலைக்கு விட்டாலோதான் சிஓஇ, காப்புறுதி எல்லாம் மிச்சம். லாரி கிடங்கு வாசலில் சும்மா நின்றால் டீசலும் ஈஆர்பியும் மட்டுமே மிச்சம். மற்றதெல்லாம் அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே, சேர்ந்தால் நிஜமாக நின்றுபோகும் செலவை மட்டும் தனிச்செலவில் எழுதுங்கள். சிஓஇ முடிய ஐந்தாறு ஆண்டு இருக்கும் லாரி வைத்திருப்பவருக்கும், லாரி வாடகைக்கு எடுப்பவருக்கும் விடை வேறு வேறாக வரும்.

இரண்டாவது: எல்லாச் சேர்க்கைக்கும் செலவு போடுங்கள்

மூன்று பேர் என்றால் மூவரும் சேர்ந்த செலவு மட்டும் போதாது. இருவர் இருவராகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். பலர் தாண்டிப் போகும் இடம் இது. சண்டையெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்குக்காக வைத்தவை; சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாண்டான் லூப்பில் அரிசி, பருப்பு இறக்குமதி செய்பவர் ஒருவர். அவர் கிடங்குக்குப் பக்கத்திலேயே மசாலா, ஊறுகாய் விற்பவர். மூன்றாமவர் செனோக்கோவில் காகிதக் கப், தெர்மோகோல் டப்பா விற்பவர். மூவருக்கும் தேக்கா, ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கம் கடைகள். நாள் ஒன்றுக்குச் செலவு, சிங்கப்பூர் வெள்ளியில்:

தனியாக: அரிசிக்காரர் 300, மசாலாக்காரர் 240, கப்புக்காரர் 180. மொத்தம் 720.
அரிசியும் மசாலாவும் சேர்ந்தால் 414. மிச்சம் 126.
அரிசியும் கப்பும் சேர்ந்தால் 420. மிச்சம் 60.
மசாலாவும் கப்பும் சேர்ந்தால் 390. மிச்சம் 30.
மூவரும் சேர்ந்தால் 540. மிச்சம் 180.

அந்த 540-இல் ஒருங்கிணைப்பவரின் கூலியும் அடக்கம். அதை முதலிலேயே சேர்க்காவிட்டால், மிச்சம் என்று பிரித்துக்கொடுத்த பணத்திலிருந்து பிறகு அவருக்குத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

சரக்கு அளவு: அரிசி 4 பாலெட், 2,000 கிலோ. மசாலா 3 பாலெட், 700 கிலோ. கப் 5 பாலெட், 300 கிலோ. மொத்தம் 12 பாலெட், 3,000 கிலோ. 24 அடி லாரியின் தரையில் பாலெட் இரண்டிரண்டாக ஆறு வரிசை, சரியாக 12 நிற்கும்.

மூன்று பேருக்கு ஏழு சேர்க்கைகள். நான்கு பேர் என்றால் 15, ஐவர் என்றால் 31, பத்துப் பேர் என்றால் 1,023. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி போட்டு, நேரம் போட்டு, செலவு எழுத வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மூன்று நான்கு பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று சொல்ல இதுவே போதிய காரணம்.

வழி போடும்போது கிலோமீட்டரில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஸ்வீடனில் எட்டு மர நிறுவனங்களின் லாரிப் போக்குவரத்தை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்து 2010-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. அங்கே தூரம்தான் செலவு. காட்டிலிருந்து ஆலைக்கு மரம் போய்விட்டு லாரி காலியாகத் திரும்பும். நம் ஊரில் தீவின் குறுக்கே போகும் பிஐஇ விரைவுச்சாலை முழுதும் ஓட்டினாலே 42.8 கிலோமீட்டர். இங்கே பணத்தைத் தின்பது லாரி ஒரு நாள் முழுக்க அடைபட்டுக் கிடப்பதும், கடைத்தொகுதியின் சரக்கிறக்கும் இடத்தில் வரிசையில் நிற்பதும்தான். ஆகவே ஒரு லாரி ஒரு நாளில் எத்தனை கடை முடிக்கும் என்பதை வைத்துச் செலவு போடுங்கள்.

மூன்றாவது: பிரிக்கும் முறைகளைச் சோதித்துப் பாருங்கள்

எந்த முறையில் பிரித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தனியாக ஓட்டுவதைவிட யாராவது அதிகம் கட்டுகிறாரா? எந்த இருவராவது, இருவர் மட்டும் சேர்ந்திருந்தால் ஆகும் செலவைவிட அதிகம் கட்டுகிறார்களா? எல்லாப் பங்கையும் கூட்டினால் பில் தொகை வருகிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் அந்தக் கூட்டு நிலைக்காது.

பாலெட் கணக்கு: 540-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு பாலெட்டுக்கு 45 வெள்ளி. அரிசிக்காரர் 180, மசாலாக்காரர் 135, கப்புக்காரர் 225. கப்புக்காரர் தனியாக ஓட்டினால் 180 தான். கூட்டில் சேர்ந்ததற்கு நாளுக்கு 45 வெள்ளி தண்டம் கட்டுகிறார். அவர் சரக்கு இடத்தை அடைக்கும், எடை இல்லை.

எடைக் கணக்கு: கிலோவுக்கு 18 காசு. அரிசிக்காரர் 360, மசாலாக்காரர் 126, கப்புக்காரர் 54. இப்போது அரிசிக்காரருக்கு 60 வெள்ளி நட்டம். அவரும் போய்விடுவார்.

மிச்சத்தைச் சமமாகப் பிரிப்பது: ஆளுக்கு 60. கட்டுவது 240, 180, 120. யாருக்கும் நட்டமில்லை, கேட்க நன்றாகவும் இருக்கிறது. அரிசியையும் மசாலாவையும் மட்டும் கூட்டிப் பாருங்கள்: 420. அவர்கள் இருவர் மட்டும் சேர்ந்தால் 414 தான். நாளுக்கு ஆறு வெள்ளி. மாதம் 26 நாள் என்றால் 156 வெள்ளி. தொகை பெரிதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கிடங்குக்காரர்கள், தேநீர் நேரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். செனோக்கோ வரை போய் ஏற்றும் தொல்லையும் விட்டது என்று தோன்றும்.

தனிச்செலவு விகிதம்: 300, 240, 180 என்பது 5:4:3. மூவருக்கும் தனிச்செலவில் கால்வாசி மிச்சம். கட்டுவது 225, 180, 135. அரிசியும் மசாலாவும் சேர்ந்து 405 கட்டுகிறார்கள், 414-க்குக் கீழே. மற்ற ஜோடிகளும் சரி. சோதனையில் தேறிவிட்டது. “எல்லாருக்கும் 25 விழுக்காடு குறைவு” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்பது இதன் பெரிய பலம்.

ஷாப்லி முறை: லாயிட் ஷாப்லி 1953-இல் சொன்னது, 2012-இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். பெயர் பெரிது, செய்முறை எளிது. மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கூட்டில் நுழைவதாக வைத்துக்கொண்டு, நுழைபவர் நுழையும்போது எவ்வளவு மிச்சம் கூடுகிறது என்று எழுத வேண்டும். ஆறு வரிசைகள்:

அரிசி, மசாலா, கப்: 0, 126, 54.
அரிசி, கப், மசாலா: 0, 60, 120.
மசாலா, அரிசி, கப்: 0, 126, 54.
மசாலா, கப், அரிசி: 0, 30, 150.
கப், அரிசி, மசாலா: 0, 60, 120.
கப், மசாலா, அரிசி: 0, 30, 150.

ஒவ்வொருவருடைய எண்களையும் கூட்டி ஆறால் வகுத்தால் அரிசிக்காரருக்கு 81, மசாலாக்காரருக்கு 66, கப்புக்காரருக்கு 33. கூட்டினால் 180. அவர்கள் கட்ட வேண்டியது 219, 174, 147. ஜோடிச் சோதனையிலும் தேறும். எக்செல்லில் ஆறு வரி, மூன்று பத்தி போதும். நான்கு பேர் என்றால் 24 வரி.

இரண்டில் எதை எடுப்பது? மூவரின் வியாபாரமும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே வட்டாரம் என்றால் தனிச்செலவு விகிதம் போதும். ஒருவர் ஒதுங்கி இருக்கிறார், அவரால் கூடும் மிச்சம் குறைவு என்றால் ஷாப்லிதான் நியாயம். மேலே உள்ள கணக்கில் கப்புக்காரர் விகித முறையில் 45 வெள்ளி மிச்சம் பெறுகிறார், ஷாப்லியில் 33. செனோக்கோ வரை லாரி போவதன் விலை அந்த 12 வெள்ளி. எந்த முறையானாலும் ஜோடிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்; ஷாப்லியும் எல்லா எண்களுக்கும் அதில் தேறும் என்று உறுதி இல்லை.

பொய் எந்தப் பக்கம் வரும்?

‘மிச்சம் அதிகம் கிடைக்கும் என்று தனிச்செலவைக் கூட்டிச் சொல்வார்கள்’ என்று பலரும் பயப்படுகிறார்கள். நடப்பது தலைகீழ். தனிச்செலவைக் குறைத்துச் சொல்பவருக்குத்தான் லாபம். “நான் தனியாகவே மலிவாக ஓட்டிவிடுவேன்” என்பவரிடம் அதிகம் வாங்க முடியாதல்லவா?

கப்புக்காரர் 180-க்குப் பதில் 120 என்று சொன்னார் என்று வையுங்கள். விகித முறையில் அவர் பங்கு 135-லிருந்து ஏறத்தாழ 98-க்கு இறங்கும். 37 வெள்ளியையும் மற்ற இருவர் சுமக்க வேண்டும். ஷாப்லியில் 147-லிருந்து 127-க்குத்தான் இறங்கும், 20 வெள்ளி. பொய்யைத் தாங்குவதில் ஷாப்லி கொஞ்சம் கெட்டி. விகித முறையை எடுப்பவர்கள் தனிச்செலவைச் சரிபார்ப்பதில் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டும்.

இதில் வேண்டுமென்றே சொல்லும் பொய் கொஞ்சம்தான். மச்சான் ஓட்டுகிறார், கூலி இல்லை என்று எழுதுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தீர்வு: ஒவ்வொருவரும் கொண்டுவரும் தொகையை ஏற்காமல், மூவருக்கும் ஒரே விலைப்பட்டியல் வையுங்கள். லாரி அளவுக்கு ஏற்ப நாள் வாடகை இவ்வளவு, ஒரு கடை நிறுத்தத்துக்கு இவ்வளவு, காத்திருப்பு கால் மணிக்கு இவ்வளவு, ஈஆர்பி உள்ளது உள்ளபடி. அந்தப் பட்டியலில் மூவரின் கடைசி எட்டு வாரத்து டெலிவரி ஆர்டர்களைப் போட்டுத் தனிச்செலவு எடுங்கள். வெளி லாரிக் கம்பெனிகள் இரண்டிடம் விலைக்குறிப்பு வாங்கிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொதுக் கணக்கில் போடக் கூடாதவை

ஒருவரால் வந்த செலவை அவர் தலையிலேயே போடுங்கள். அரிசி மூட்டைகள் பாலெட்டில் கட்டப்படாமல் இருந்ததால் 40 நிமிடம் தாமதமானால் அந்தக் காத்திருப்புக் கட்டணம் அரிசிக்காரருடையது. கடை பூட்டியிருந்து மறுபடி போக வேண்டி வந்தால், யாருடைய வாடிக்கையாளரோ அவருடையது. கடைத்தொகுதி நுழைவாயிலின் உயர வரம்புக்குள் 24 அடி லாரி போகாமல் சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருந்தால் அதுவும் அந்தக் கடைக்குப் போகும் சரக்கு யாருடையதோ அவருக்கு.

தீபாவளிக்கு முந்தைய நான்கைந்து வாரங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மசாலாவும் கப்பும் ஏறும், சிராங்கூன் சாலைப் பக்கம் லாரி நிறுத்தவே இடம் கிடைக்காது, கூடுதல் லாரி தேவைப்படும். அந்தக் கூடுதல் லாரியை வழக்கமான விகிதத்தில் பிரித்தால் அரிசிக்காரர் மற்றவர்களின் தீபாவளி வியாபாரத்துக்குப் பணம் கட்டுவதாகிவிடும்.

சேதம் தனிக் கதை. அரிசி வாசனையை இழுக்கும். மசாலா மூட்டையோடு ஒட்டி ஏற்றிய அரிசியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். எந்தச் சரக்கு எந்தச் சரக்குக்குப் பக்கத்தில் ஏறக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி லாரியின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள். ஹலால் சான்று பெற்ற கடைகளுக்குப் போகும் சரக்கை என்ன பொருளோடு ஏற்றலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை

காப்புறுதி முதலில். சொந்தச் சரக்கு ஏற்ற மட்டும் எடுத்த லாரிக் காப்புறுதியும், கூலிக்குப் பிறர் சரக்கு ஏற்றுவதற்கான காப்புறுதியும் வேறு. உங்கள் லாரியில் மற்றவர்கள் சரக்கை ஏற்றிப் பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, தேவையானால் மாற்றிக்கொண்ட பிறகே முதல் லோடு ஏற்றுங்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் மிச்சமான பணமெல்லாம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி. 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. லாரி பில் ஒருவர் பெயரில் வந்து அவர் மற்றவர்களிடம் பங்கு வசூலித்தால், அந்த வசூலுக்கும் வரி போட வேண்டி வரலாம். வரிக்குப் பதிந்த கம்பெனிகள் அதைத் திரும்பக் கோரிக்கொள்ளும். ஆண்டு வியாபாரம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாமல் பதியாமல் இருப்பவரால் முடியாது. மசாலாக்காரர் பதியாதவர் என்றால் அவருடைய 174 வெள்ளி 189.66 ஆகிவிடும். அவர் முன்பு சொந்த லாரியில் 240-க்கு ஓட்டியவர் என்றால் 66 என்று நினைத்த மிச்சம் 50 சொச்சம்தான். பதியாதவரின் பங்கை வரியோடு சேர்த்து ஒப்பிடுங்கள். யார் பெயரில் பில் என்பதைக் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

போட்டிச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். லாரியைப் பகிர்வது வேறு, விற்பனை விலையைப் பகிர்வது வேறு. ஒரே சரக்கை விற்கும் இருவர் டெலிவரிக்காகச் சேர்ந்து, போகிற போக்கில் வாடிக்கையாளர் பட்டியலையும் விலையையும் பேசிக்கொண்டால் போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுக்குள் வந்துவிடலாம். சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விதிக்கும் அபராதம், மீறல் நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சிங்கப்பூர் விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, மூன்று ஆண்டுகளுக்குப் போகக்கூடும். ஆணையம் 2021-இல் வெளியிட்ட தொழில் ஒத்துழைப்பு வழிகாட்டிக் குறிப்பில் தகவல் பகிர்வு பற்றித் தனிப் பகுதி உண்டு. செய்ய வேண்டியது எளிது: டெலிவரி ஆணையில் முகவரி, பாலெட், எடை, நேரம் மட்டும் இருக்கட்டும், விலை போட்ட இன்வாய்ஸ் ஒட்டிய உறையில் போகட்டும். மூவரின் ஆர்டர்களையும் சேர்த்துப் பார்ப்பவர் வெளி ஆள், பொதுவான கணக்காளர் போன்ற ஒருவர், ஆக இருப்பது நல்லது.

பிறகு நடைமுறை விதிகள். மாத பில்லில் பங்கை விழுக்காடாக எழுதுங்கள்: நம் ஷாப்லிக் கணக்கில் 40.6, 32.2, 27.2. தினமும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது ஒருவரின் பாலெட் எண்ணிக்கை தொடர்ந்து நான்கு வாரம் 15 விழுக்காட்டுக்கு மேல் மாறினால், மறுபடி கணக்கிடுங்கள். பணம் தர 14 நாள் கெடு. தாமதமானால் அவர் சரக்கு ஏறாது என்று எழுதத் தயங்காதீர்கள். மூவரும் தெரிந்தவர்கள் என்றால் இந்த வரி இன்னும் அவசியம்.

நான்காமவர் சேர வந்தால் முதலில் 15 சேர்க்கைகளுக்கும் செலவு போட்டுப் பாருங்கள். அவர் வந்ததால் பழைய மூவரில் ஒருவரின் மிச்சம் குறைகிறது என்றால், குறையும் தொகையைப் புதியவரின் பங்கில் ஏற்றுங்கள். அதன் பிறகும் அவருக்கு லாபம் இருந்தால் சேரட்டும். விலகுபவருக்கு 30 நாள் முன்னறிவிப்பு போதும். ஆனால் கூட்டை நம்பி மற்றவர்கள் லாரியை விற்றுவிட்டிருந்தால் 60 அல்லது 90 நாள் கேட்பதே முறை, ஏனென்றால் அவர்கள் வேறு லாரி வாடகைக்கு ஏற்பாடு செய்து, ஓட்டுநருக்குக் கடைகளையெல்லாம் காட்டி முடிக்க அவ்வளவு நாள் ஆகும்.